பெயரில்லாத பாணியைத் தேடி: ஒரே தாள், ஐந்து வழிகள்

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போதுதான் ஆய்வு மாணவர்கள் எங்கள் நூலகத்துப் படியேறுவார்கள். கையில் துறை அலுவலகம் கொடுத்த ஜெராக்ஸ் தாள் ஒன்று இருக்கும். போன பருவத்தில் மேலாண்மைத் துறை மாணவி ஒருவர் கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட தாள்தான். "துணைநூற்பட்டியல் ஹார்வர்ட் முறையில் அமைய வேண்டும்" என்று மேலே ஒரு வரி. கீழே மூன்று எடுத்துக்காட்டுகள்: நூல் ஒன்று, ஆய்விதழ்க் கட்டுரை ஒன்று, இணையப் பக்கம் ஒன்று. விதிமுறை மொத்தமும் அவ்வளவுதான்.

"சார், ஜோட்டெரோல ஹார்வர்ட்னு அடிச்சா ஒரு மூட்டை வருது. இதுல நம்ம யுனிவர்சிட்டியோடது எது?"

நியாயமான கேள்வி. துணைநூற்பட்டியலைக் கையால் அடித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தாளைப் பார்த்து அப்படியே அடித்துவிடலாம். குறிப்புகளைச் சேமித்துப் பட்டியலாக்கித் தரும் ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் வந்த பிறகு நாம் அடிப்பதில்லை. பாணிக் கோப்பு ஒன்றைத் தேர்ந்து கொடுக்கிறோம். ஆண்டு எங்கே வரும், காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, எது சாய்வெழுத்து என்பதையெல்லாம் அந்தக் கோப்பு பார்த்துக்கொள்கிறது. முந்நூறு குறிப்புகளை அடிக்கும் வேலை போய், சரியான ஒரு கோப்பைக் கண்டுபிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது.

அதற்கு இன்று கைவசம் உள்ள வழிகளை அந்த ஒரே தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை வைத்துத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அச்சில் இருக்கும் வரியை வைத்துத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. அப்படித் தேட ஒரு கருவி 2012-இலேயே வந்துவிட்டது. ஆனால் வந்தது பாதி தூரம்தான்.

பெயரைச் சொல்லித் தேடுவது

எல்லோரும் முதலில் போகும் இடம் ஜோட்டெரோவின் பாணிக் களஞ்சியம். மேலே ஒரு தேடல் பெட்டி. அதன் கீழே வடிவத்துக்கும் துறைக்கும் பொத்தான்கள். ஒரு பெயரின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அந்தப் பாணியில் மாதிரிக் குறிப்புகள் எப்படி இருக்கும் என்று சிறு முன்னோட்டம் தெரியும். உள்ளே 10,000-க்கு மேற்பட்ட பாணிகள்.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்தக் கோப்புகள் எல்லாம் குறிப்புப் பாணிகளை விவரிக்கும் சிஎஸ்எல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. புரூஸ் டார்கஸ் தொடங்கிவைத்த முயற்சி அது, அதன் 1.0 பதிப்பு 2010-இல் வந்தது. ஜோட்டெரோ, மெண்டலே, ஆவண வடிவங்களை மாற்றித் தரும் பாண்டாக் எல்லாம் இதே கோப்புகளைத்தான் படிக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி 'சார்புப் பாணிகள்'. அதாவது உள்ளே விதி எதுவும் இருக்காது. இதழின் பெயரும், "என் விதிகளுக்கு இன்ன கோப்பைப் பார்" என்ற சுட்டும் மட்டும் இருக்கும். நேச்சர் குடும்பத்து இதழ்கள் பலவற்றின் கோப்பைத் திறந்தால் நேச்சரைப் பார்க்கச் சொல்லும். எல்சிவியர், ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்களுக்கு இதழ்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அடிப்படைப் பாணிகள் கொஞ்சம்தான். களஞ்சியத்தில் தனித்தன்மை உள்ள பாணிகளை மட்டும் காட்டு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் கூட்டம் சட்டென்று கலையும். பெரும்பாலான மாணவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

இந்த அமைப்பினால் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவருக்குப் பெயர்த் தேடலே போதும். இதழின் முழுப் பெயரை அடித்தால் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அதே பதிப்பகத்தின் வேறோர் இதழைப் போட்டாலும் அநேகமாக வேலை முடியும். எனக்கு இங்கே ஒரே ஒரு குறை. சிஎஸ்எல் கோப்புக்குள் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை எழுதிவைக்க இடம் உண்டு. இதழ்க் கோப்புகளில் அது பரவலாக எழுதப்பட்டும் இருக்கிறது. இதழ்கள் பெயர் மாற்றிக்கொள்ளும். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு இதழ்கள் இருக்கும். சுருக்கப் பெயர் ஒன்று, முழுப் பெயர் ஒன்று என்று குழப்பும். ஐஎஸ்எஸ்என் அப்படிக் குழப்பாது. ஆனாலும் தேடல் முகப்பில் அதற்கென்று ஒரு பெட்டி இல்லை. ஒரு பிற்பகலில் சேர்த்துவிடக்கூடிய வசதி அது.

தாளில் இதழின் பெயர் இல்லாமல் முறையின் பெயர் இருந்தால்தான் தொல்லை. 'ஹார்வர்ட்' என்று ஒரு பாணி கிடையாது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வரிக்குள்ளேயே அடைப்புக்குறியில் போடும் வழக்கத்துக்கு அது பொதுப்பெயர். ஹார்வர்டில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அப்படிச் செய்தார்; பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண்டுக்கு அடைப்புக்குறி உண்டா, தலைப்புக்கு ஒற்றை மேற்கோள்குறியா இரட்டையா, பக்க எண்ணுக்கு முன் 'பக்.' என்பதுபோல் ஏதும் வருமா என்றெல்லாம் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் உட்கார்ந்து யாருக்கும் விதித்ததில்லை. அதனால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஹார்வர்ட் முளைத்தது. களஞ்சியத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும் மூட்டை அதுதான்.

வான்கூவருக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மருத்துவ இதழாசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி, கட்டுரைகளை ஒரே அமைப்பில் வாங்குவோம் என்று பேசிக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் பாணிக்கு நிலைத்தது. வரிக்குள் வரும் எண் மேலெழுத்தா, வட்ட அடைப்பா, சதுர அடைப்பா என்பதில் இன்றைக்கும் வகைக்கு ஒரு கோப்பு இருக்கிறது.

எண்ட்நோட்டும் பெயர்த் தேடல்தான். 7,000-க்கு மேற்பட்ட பாணிகள் தன்னிடம் இருப்பதாக அது சொல்கிறது. துறை, பதிப்பகம் என்று சலிக்கும் வசதி அங்கே உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் அதன் பாணிக் கோப்பை வேறு மென்பொருளால் எளிதில் படிக்க முடியாது. இதை ஒட்டி ஒரு வழக்கே நடந்தது. ஜோட்டெரோ பிறந்த இடம் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம். எண்ட்நோட்டின் பாணிக் கோப்புகளை ஜோட்டெரோ படிக்க வைக்கிறது என்று சொல்லி, அப்போது எண்ட்நோட்டை வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008-இல் வர்ஜீனியாவில் வழக்குப் போட்டது. கேட்டது 1 கோடி டாலர். 2009 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது.

பழங்கதையை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிஎஸ்எல் கோப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் யார் வேண்டுமானாலும் புதுத் தேடல் கருவி கட்டலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இனி வரும் வழிகள் பெரும்பாலும் அந்தத் திறந்த கதவால்தான் சாத்தியமாயின.

மாணவியின் தாளுக்குத் திரும்புவோம். பெயர்த் தேடலில் அதற்கு விடை கிடைத்ததா? விடை அந்த மூட்டைக்குள்தான் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அதைத்தான் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஒரு காரணமும் இல்லை.

சலித்துப் பார்ப்பது

பெயர் தெரியாவிட்டால் குணத்தைச் சொல்லித் தேடலாம். சிஎஸ்எல் பாணிகளை ஐந்து வடிவங்களாகப் பிரிக்கிறது: ஆசிரியர்–ஆண்டு, ஆசிரியர் மட்டும், எண், குறிச்சொல், அடிக்குறிப்பு. இதோடு உயிரியல், வரலாறு, சட்டம் என்று துறை வாரியாகவும் சலிக்கலாம். தாளைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை.

ஆனால் சல்லடையின் கண் மிகப் பெரிது. ஆசிரியர்–ஆண்டு என்று சலித்த பிறகும் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். இரண்டு பாணிகளைப் பிரித்துக் காட்டும் கேள்விகள் வேறு. முதல் ஆசிரியரின் பெயர் மட்டும் திருப்பி எழுதப்படுகிறதா, எல்லோருடையதுமா? தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இரண்டு தலைப்பெழுத்துக்கு நடுவே இடைவெளி உண்டா? கடைசி ஆசிரியருக்கு முன் 'அண்ட்' என்ற சொல்லா, அதன் குறியா? ஆண்டு பெயருக்கு அடுத்தா, கடைசியிலா? தொகுதி எண் தடித்த எழுத்திலா? இதழ் எண் போடுகிறார்களா, விட்டுவிடுகிறார்களா?

பக்க எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 307-இலிருந்து 332 வரை உள்ள கட்டுரையை ஏபிஏ என்ற பாணி 307–332 என்று முழுதாக எழுதும். சிகாகோ, எம்எல்ஏ, வான்கூவர் பாணிகள் 307–32 என்று சுருக்கும். ஒரு தாளில் பக்க எண் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாணிகளை ஒதுக்கிவிடலாம். அனுபவமுள்ள நூலகர் கண்ணை முதலில் ஓட்டுவது அங்கேதான்.

வியப்பு என்னவென்றால், இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் சிஎஸ்எல் கோப்புக்குள் தனித்தனிப் பண்புகளாக எழுதியே இருக்கின்றன. பக்க எண்ணைச் சுருக்கும் முறைக்கு ஒரு பண்பு, எத்தனை ஆசிரியருக்கு மேல் 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போட வேண்டும் என்பதற்கு ஒரு பண்பு, பெயரைத் திருப்புவதற்கு ஒன்று. கணினி படித்துப் பட்டியல் போட வேண்டியதுதான் பாக்கி. இருந்தும் தேடல் முகப்பில் வடிவம், துறை இரண்டைத் தவிர வேறு சல்லடை இல்லை. துறை என்ற சல்லடையும் கோப்பை எழுதியவர் ஒட்டிய சீட்டைப் பொறுத்தது. குறிப்பின் உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கேள்வி–பதில் முறையை வேறொரு ஊரில் எப்போதோ செய்துவிட்டார்கள். லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதில் துணைநூற்பட்டியல் போடும் பிப்டெக் தெரிந்திருக்கும். ஓரன் படாஷ்னிக் 1985-இல் உருவாக்கியது. அதற்கான பாணிக் கோப்பைக் கையால் எழுதுவது தண்டனை. அதனால் பாட்ரிக் டேலி என்பவர் மேக்பிஎஸ்டி என்று ஒரு கருவி செய்தார். கறுப்புத் திரையில் அது கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகும்: பெயர் எப்படி, ஆண்டு எங்கே, தொகுதி எப்படி, பக்கம் எப்படி. எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்தில் பதில் சொல்லி முடித்தால் கடைசியில் உங்கள் பாணிக் கோப்பு தயார்.

எனக்கு அந்தக் கருவி மேல் தனி மரியாதை உண்டு. பெயர் என்ன என்று அது கேட்பதே இல்லை. ஆனால் அது தேடும் கருவியும் இல்லை. கடையில் இருக்கும் சட்டையே சரியாக இருக்குமா என்று பார்க்காமல் அளவெடுத்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்துவிடும். அதனால் ஏற்கனவே இருக்கும் பாணிகளோடு இன்னுமொரு பாணி சேரும். வேர்டில் எழுதுகிற எங்கள் மேலாண்மைத் துறை மாணவிக்கு அதனால் பயன் இல்லை. அதே கேள்விகளை சிஎஸ்எல் களஞ்சியத்தின் வாசலில் வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் "இன்னும் இத்தனை மிச்சம்" என்று காட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துக் கேள்விக்குள் ஒரு கைப்பிடிக்கு வந்துவிடும்.

மாதிரியைக் காட்டித் தேடுவது

இப்போது நான் சொன்ன அந்தப் பாதி தூரக் கருவி. கொலம்பியா பல்கலைக்கழக நூலகமும் மெண்டலேயும் சேர்ந்து, ஸ்லோன் அறக்கட்டளையின் பணத்தில், 2012-இல் சிஎஸ்எல் காட்சித் திருத்தியை வெளியிட்டன. நிரல் எழுதத் தெரியாதவரும் பாணிக் கோப்பைத் திருத்துவதற்காகச் செய்தது. அதன் ஓரத்தில் 'எடுத்துக்காட்டால் தேடு' என்று ஒரு பக்கம் உண்டு. என் கணக்கில் அந்தத் தளத்தின் நல்ல பகுதியே அதுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு மாதிரிக் குறிப்பு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். உங்கள் தாளில் உள்ள முறைப்படி அதை நீங்கள் மாற்றி எழுத வேண்டும். பிறகு தேடு என்றால், களஞ்சியத்தின் பாணிகள் அதே குறிப்பை எப்படி எழுதும் என்று முன்பே தயார் செய்து வைத்திருப்பதோடு உங்கள் வரியை ஒப்பிட்டு, நெருக்கமானதை மேலே கொண்டுவந்து காட்டும். ஒரு வரியை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்பதுதான் நெருக்கத்துக்கு அளவுகோல்.

தாளில் இருந்த கட்டுரைக் குறிப்பின் அமைப்பை இப்படிச் சொல்லலாம். சிஎஸ்எல் குழுவிடம் புதிய பாணி கேட்கிறவர்கள் எழுதிக் காட்ட வேண்டிய நிலையான மாதிரிகளில் ஒன்று, கேம்பலும் பெடர்சனும் 2007-இல் எழுதிய கட்டுரை. அதைத் தாளின் முறையில் எழுதினால்:

கேம்பல், ஜே.எல். & பெடர்சன், ஓ.கே. (2007), “கட்டுரைத் தலைப்பு”, கம்பேரட்டிவ் பொலிட்டிகல் ஸ்டடீஸ், தொகுதி 40 எண் 3, பக். 307–332.

ஆண்டின் அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி. தலைப்புக்கு இரட்டை மேற்கோள்குறி. தொகுதி, எண், பக்கம் மூன்றுக்கும் சுருக்கச் சொற்கள். பழகிய கண்ணுக்கு இது உடனே தெரியும்: எமரால்ட் பதிப்பகத்தின் ஹார்வர்ட். மேலாண்மைத் துறைக்காரர்கள் அதிகம் படிக்கும் இதழ்களில் எமரால்ட் இதழ்களும் உண்டு. யாரோ ஒரு நெறியாளர் தம் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொடுத்ததை அலுவலகம் தாளாக்கியிருக்க வேண்டும். எமரால்டில் 'அண்ட்' என்று சொல்லாக வரும். தாளில் குறியாக வந்திருந்தது. கட்டுரைக் குறிப்பில் வித்தியாசம் அவ்வளவே. களஞ்சியத்தில் எமரால்ட்–ஹார்வர்ட் என்று கோப்பு இருக்கிறது. பெயர்த் தேடலின் மூட்டையில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

மாதிரித் தேடலின் பலம் இதுதான். பெயரே தெரியாமல் உருவத்தை மட்டும் காட்டி ஆளைப் பிடிக்கலாம். பிடித்த கோப்பைத் திருத்தியில் திறந்து, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வித்தியாசங்களைச் சரிசெய்து, புதுப் பெயரில் சேமித்துக்கொள்ளலாம். மாணவியின் கோப்பு அப்படித்தான் தயாரானது.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை திருத்தக்கூடியவை.

முதல் குறை, மாதிரி அவர்களுடையது. என் தாளில் உள்ள குறிப்பை நான் அப்படியே ஒட்ட முடியாது. தாளின் விதியை நானே புரிந்துகொண்டு, வேறொரு குறிப்பின் மேல் அதை ஏற்றி எழுத வேண்டும். விதியைப் புரிந்துகொண்டவருக்குத் தேடல் கருவி அவ்வளவாகத் தேவைப்படாது. புரியாதவர் எழுதினால் அதில் பிழை வரும், விடையும் பிழையாகும்.

இரண்டாவது, ஆசிரியர் எண்ணிக்கை. கேம்பல்–பெடர்சன் இரண்டு பேர். பாணி கேட்கும்போது தரவேண்டிய இன்னொரு நிலையான மாதிரிக்கு ஆசிரியர் ஒருவர்தான். பாணிகள் அதிகம் சண்டை போட்டுக்கொள்வதோ மூன்று பேருக்கு மேல் போனால்தான். ஏபிஏ ஆறாம் பதிப்பு பட்டியலில் 7 ஆசிரியர் வரை எழுதச் சொன்னது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு 20 வரை எழுதச் சொல்கிறது. இரண்டு ஆசிரியர் மாதிரியில் இந்த வித்தியாசம் தலையே காட்டாது. மாதிரியில் அச்சு அசலாக ஒத்துப்போன இரண்டு பாணிகள், ஒன்பது பேர் எழுதிய மருத்துவக் கட்டுரை வந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு, இருபத்தொன்று என்று ஆசிரியர் எண்ணிக்கை மாறும் மாதிரிகள் வேண்டும்.

மூன்றாவது, எல்லா எழுத்துக்கும் ஒரே எடை. 'பக்.' என்ற சுருக்கம் இருப்பதும் இல்லாததும் சில எழுத்து வித்தியாசம். ஆண்டு நடுவிலிருந்து கடைசிக்குப் போவதும் எண்ணிப் பார்த்தால் சில எழுத்து வித்தியாசம்தான். முதலாவதை ஒரே சொடுக்கில் திருத்திவிடலாம். இரண்டாவதற்குப் பாணியின் எலும்புக்கூட்டையே மாற்ற வேண்டும். எதை மாற்றுவது எளிது என்பதை வைத்து எடை போட்டால், மேலே வரும் விடைகளின் வரிசையே மாறும்.

நான்காவது குறை கருவியுடையது இல்லை. தாளின் மூன்றாவது எடுத்துக்காட்டான இணையப் பக்கத்தில் ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தது. மற்ற இரண்டில் காற்புள்ளி. துறையில் விசாரித்தால், அது வேறொரு பழைய தாளிலிருந்து ஒட்டியதாம். தனக்குத்தானே முரண்படும் தாளுக்கு உலகத்தில் எந்தக் கோப்பும் முழுதாகப் பொருந்தாது. நல்ல கருவி என்றால், "உங்கள் மூன்று வரிகளும் ஒரே பாணியைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ மாணவர்களுக்கு இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

ஏஐயிடம் ஒட்டிக் கேட்பது

இப்போது மாணவர்கள் எங்களிடம் வருமுன் செய்வது இது. தாளைப் படமெடுத்து உரையாடல் ஏஐயிடம் போட்டு, "இது என்ன பாணி?" என்கிறார்கள். அது தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும். பெரிய பாணிகளுக்குச் சரியாகவே சொல்லிவிடும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒரே பாணியின் பதிப்புகளுக்கிடையே அது வாசனை பிடித்துச் சொல்கிறதே தவிர அளந்து சொல்வதில்லை. அடுத்து, பல்கலைக்கழகம் தானாகச் செய்துகொண்ட கலப்புப் பாணிக்கும் ஏதோ ஒரு பிரபலமான பெயரைச் சூட்டிவிடும்.

பதிப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. நூல் குறிப்பில் பதிப்பகத்துக்கு முன் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஏ ஏழாம் பதிப்பு ஊர்ப்பெயரை விட்டுவிட்டது. சிகாகோ 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பில் அது கட்டாயம் இல்லை என்றது. ஏபிஏ என்று தலைப்பிட்ட தாளில் ஊர்ப்பெயர் இருந்தால், தாள் பழைய பதிப்பைப் பார்த்து எழுதியது என்று தேதி குறித்துவிடலாம்.

ஏஐயைப் பெயர் கேட்காமல் குணம் கேட்டால் உருப்படியாக உதவும். "இந்த வரியில் ஆண்டு எங்கே, மேற்கோள்குறி எது, பக்க எண் சுருங்கியிருக்கிறதா, தலைப்பெழுத்துக்கு நடுவே இடைவெளி உண்டா, ஒவ்வொன்றாகப் பட்டியல் போடு" என்றால் நன்றாகச் செய்யும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடுவது நம் வேலை. கடைசி முடிவைப் பாணிக் கோப்பு எழுதிக்காட்டும் வரிதான் சொல்ல வேண்டும், ஏஐயின் வாய்ச்சொல் இல்லை.

அச்சில் உள்ள வரியையே கொடுத்தால்?

என் யோசனை இங்கேதான் வருகிறது. கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைப் பதிவுசெய்யும் அமைப்புகளான கிராஸ்ரெஃபும் டேட்டாசைட்டும் தரும் குறிப்பு வடிவமைப்பான் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஒரு டிஓஐ எண்ணைக் கொடுத்து, சிஎஸ்எல் பாணி ஒன்றைத் தேர்ந்தால், அந்தக் கட்டுரைக்கு அந்தப் பாணியில் குறிப்பு எழுதித் தரும். இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பப்போகும் இதழில் சமீபத்தில் வந்த கட்டுரையின் துணைநூற்பட்டியலிலிருந்து டிஓஐ உள்ள மூன்று வரிகளை நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். கருவி டிஓஐயை வைத்துக் கட்டுரைகளின் விவரங்களை எடுத்துக்கொள்கிறது. தனித்தன்மை உள்ள பாணிகள் ஒவ்வொன்றிலும் அதே மூன்றையும் எழுதிப் பார்க்கிறது. அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டு, "இந்தக் கோப்பு இரண்டு இடத்தில் வேறுபடுகிறது, அவை இவை" என்கிறது.

மாதிரியை நான் மாற்றி எழுத வேண்டியதில்லை. ஆசிரியர் எண்ணிக்கை மாறும் வரிகளை நானே பொறுக்கிக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன: கிராஸ்ரெஃபின் தரவு, திறந்த பாணிக் கோப்புகள், ஜோட்டெரோவுக்குள் குறிப்பை எழுதித் தரும் சைட்பிராக் என்ற இயந்திரம். கோத்துத் தருகிற கைதான் தேவை.

ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிதா, வாக்கியம்போல் முதல் சொல் மட்டும் பெரிதா என்பதை ஒப்பிடவே கூடாது. வாக்கிய வடிவத் தலைப்பைப் பாணிக் கோப்பு பெரிய எழுத்துக்கு மாற்றிவிடும். எதிர்த்திசையில் போனால் எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது, தடுக்கிவிடும். தலைப்புகளை வாக்கிய வடிவில் சேமித்துவையுங்கள் என்று ஜோட்டெரோ சொல்வதும் அதனால்தான். தரவில் தலைப்பு எப்படி வந்திருக்கிறதோ அதற்கு நல்ல பாணிக் கோப்பைத் தண்டிப்பது அநியாயம்.

டிஓஐ இல்லாத உலகம் ஒன்றும் உண்டு. தமிழ்த்துறை ஆய்வேடுகளின் பட்டியலில் பெரும்பாலான நூல்களுக்கு டிஓஐ கிடையாது. அங்கே பெயரே வேறு சிக்கல். குடும்பப்பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தும் இயற்பெயருமாக இருக்கும் நம் பெயர்களை, குடும்பப்பெயர் ஒரு பெட்டி, இயற்பெயர் ஒரு பெட்டி என்று பிரித்துப் போட்டால் பாணி அதைத் தன் விருப்பத்துக்குத் திருப்பும். ஜோட்டெரோவில் பெயரை ஒற்றைப் பெட்டிக்கு மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் எழுதியபடியே வரும். பாணியைக் குறைசொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது அந்தப் பொத்தான்.

அடிக்குறிப்புக்காரர்கள்

வரலாறு, சட்டம், தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கருவியும் முழுதாக உதவாது. அடிக்குறிப்புப் பாணியில் ஒரு நூல் முதல் முறை வரும்போது முழு விவரம். அடுத்த குறிப்பிலேயே மறுபடி வந்தால் 'மேலது'. இடையில் வேறு நூல் புகுந்து பின்னால் வந்தால் சுருக்கப் பெயர். ஒரே நூலுக்கு மூன்று உருவம். சிஎஸ்எல் இந்த மூன்று நிலைகளையும் தனித்தனியாக அறியும். ஆங்கிலத்தில் 'இபிட்' என்று வரும் இடத்தில் 'மேலது' என்று வரவைக்கக் கோப்புக்குள் அந்தச் சொல்லை மாற்றி எழுதவும் முடியும். ஆனால் மாதிரித் தேடல் ஒற்றைக் குறிப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறது. அடிக்குறிப்புக்கான தேடல் என்றால் அடுத்தடுத்து வரும் நான்கு குறிப்புகளை வரிசையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அது வரும்வரை, வடிவத்தில் அடிக்குறிப்பு என்று சலித்து, முன்னோட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எது யாருக்கு

இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர் முழுப் பெயரில் தேடட்டும், தனித்தன்மை டிக்கைத் தொட வேண்டாம். அதற்கும் முன்னால் இதழின் ஆசிரியர் குறிப்புகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. எல்சிவியரின் பல இதழ்கள், முதல் சமர்ப்பிப்பில் துணைநூற்பட்டியல் எந்தப் பாணியில் இருந்தாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லிவிடுகின்றன. தேடவே தேவையில்லாத பாணிக்காக ஒரு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாடெக்காரர்கள் இதழ் தரும் கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாதபோதுதான் மேக்பிஎஸ்டி.

துறைத் தாளோடு வரும் ஆய்வேட்டு மாணவர்களுக்கு மாதிரித் தேடலும் அதைத் தொடர்ந்து திருத்தியும்தான். வரும்போது தாளோடு, அதே துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமீபத்திய ஆய்வேடு ஒன்றின் துணைநூற்பட்டியலையும் கொண்டுவரச் சொல்கிறேன். தாளில் மூன்று வரி, அதில் ஒன்று பிழை. ஆய்வேட்டில் முந்நூறு வரி இருக்கும், மூன்று ஆசிரியர் எழுதியதும் இருக்கும், எட்டுப் பேர் எழுதியதும் இருக்கும். மேலாண்மைத் துறை மாணவிக்காகத் திருத்திய கோப்பை இப்போது எங்கள் மேசைக் கணினியில் துறையின் பெயரிலேயே வைத்திருக்கிறோம். இணையப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளியா காற்புள்ளியா என்பதற்கு மட்டும் துறையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. காற்புள்ளி என்றே வைத்திருக்கிறேன்.